அமாவாசைப் பாடு

அத்தியாயம் பதினொன்று

முதல் சீட்டு செண்பகத்துக்கு விழுந்ததில் சில வாசகர்களுக்குக் கோபம். கதாநாயகி என்பதற்காகக் கதை எழுதுகிறவன் குலுக்கலில் கை வைத்துவிட்டான் என்று ஊத்துக்கோட்டையிலிருந்து ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். ஐயா, சத்தியமாக இல்லை. கிடைத்ததை ஒரு வாரம்கூடக் கையில் வைத்திருக்கத் தெரியாத பெண் அவள். இந்த வாரம் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. கும்மிடிப்பூண்டியில் வயலெல்லாம் தொழிற்சாலையாகிக்கொண்டிருக்கும் இந்த எழுபத்தெட்டாம் வருஷத்தில், தொழிலாளர்களுக்காக நடக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மூன்று இளம் டாக்டர்கள் இருக்கிறார்கள். பொது மருத்துவத்தில், அதாவது கத்தி எடுக்காமல் உள்ளே இருக்கும் நோயை யோசித்துக் கண்டுபிடிக்கும் துறையில், தேற வேண்டும் என்று மூவருக்கும் ஆசை. பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆள் இல்லை.

அதனால் அவர்களே ஒரு வழி பண்ணினார்கள். ஸ்காட்லாந்தில் அபர்டீன், சிலோனில் கண்டி, ஆப்பிரிக்காவில் நைரோபி, இந்த மூன்று ஊர்களிலும் தங்களைப் போலவே தவித்துக்கொண்டிருந்த சின்னவயசு டாக்டர்களோடு தபாலிலேயே கூட்டுச் சேர்ந்தார்கள். மாதம் ஒரு நோயாளியின் கதை எல்லா ஊருக்கும் போகும். எல்லா ஊரிலிருந்தும் கேள்விகள் வரும். நோயாளியின் பெயரை மட்டும் எழுதக் கூடாது.

கூட்டு முற்றி, ஆள் மாற்றிக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது. அபர்டீனிலிருந்து ஐலீன் என்ற பெண் டாக்டர் வந்து ஆறு மாதமாக இங்கே வேலை பார்க்கிறாள். பதிலுக்கு இங்கிருந்து ஒருவர் அங்கே ஒரு வருஷம் போய்ப் படிக்கலாம். இந்த வருஷத்துக்கு ஓர் இடம் உறுதி. அடுத்த வருஷம் உண்டா என்று கேட்டால் அபர்டீன்காரர்களே வானத்தைப் பார்க்கிறார்கள்.

யார் போவது? மார்க்கைப் பார்த்தால் ஒருவருக்கு வருத்தம், பெரிய டாக்டர் கைகாட்டினால் இருவருக்கு வருத்தம். மூவரில் ஒருத்தியான செண்பகம்தான் தன் மீனவக் குப்பத்து வழக்கத்தைச் சொன்னாள்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் அதற்குப் பாடு என்று பெயர். இறால் நன்றாக ஓடும் துறைகள் கொஞ்சம்தான். வலை கட்ட ஆசைப்படும் வீடுகள் நிறைய. அதனால் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்தத் துறை யாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். முறை வந்த அன்று போக முடியாவிட்டால் அடுத்தவன் போவான். விட்டவன் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். மன்றாடினாலும் திரும்பாது. திரும்பும் என்று வைத்தால் தினம் ஒரு மண்டை உடையும்.

ஐலீன் கேட்டுவிட்டுக் கை தட்டினாள். மூன்று பேரும் அதே போல் சீட்டுப் போட்டார்கள். முதல் சீட்டு செண்பகத்துக்கு, இரண்டாவது பரசுராமனுக்கு, மூன்றாவது அருணாச்சலத்துக்கு. சம்மதத் தந்தி இன்று மாலைக்குள் அபர்டீனுக்குப் போக வேண்டும்.

இன்று காலை செண்பகம் பெரிய டாக்டரின் அறைக்குள் போனது அதற்காகத்தான்.

பெரிய டாக்டர் ராஜமாணிக்கம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். தந்தி வாசகத்தை எழுதி முடித்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். அவர் எதையும் நிச்சயமாகத் தெரிந்துகொண்டு எழுதுகிற மனிதர்.

"நான் போகலை சார். பரசுராமனை அனுப்புங்க," என்றாள் செண்பகம்.

அவர் காரணம் கேட்டார். கேட்டாரே தவிர, அவருக்குத் தெரியும். அந்த ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த காரணம்தான் அது. அவளுடைய அண்ணன் துலுக்காணம்.

துலுக்காணத்துக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. இத்தனை வருஷம் சும்மா இருந்த இதயம், போன தீபாவளிக்குப் பிறகு சண்டித்தனம் பண்ண ஆரம்பித்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. இரண்டு காலும் வீங்கின. செண்பகமும் ஐலீனும் அவனை வார்டில் சேர்த்துப் படுக்க வைத்து மருந்து கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் வீக்கம் நன்றாக வற்றியது. சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனதும் பழையபடி வீங்கியது.

மாத்திரையைக் கூட்டினார்கள். மறுபடி கூட்டினார்கள். கால் கேட்கவில்லை. இந்த மாதத்து நோயாளியாக அவன் கதையைத்தான் பெயர் போடாமல் மூன்று ஊருக்கும் அனுப்பியிருந்தாள். கண்டிக்காரரும் நைரோபிக்காரரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றே: சாப்பாட்டில் உப்பை நிறுத்தியாயிற்றா? உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், இதயம் திணறும். மருத்துவக் கல்லூரியில் கால் வைத்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நிறுத்தியாயிற்று, அண்ணியே உப்புச் சட்டியைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டாள் என்று செண்பகம் பதில் எழுதினாள்.

அப்படியானால் மிச்சம் என்ன? அண்ணன் திருட்டுத்தனமாக ஏரியில் இறங்குகிறான் என்று அவள் முடிவு கட்டினாள். போன வாரம் நேராகப் போய்ச் சண்டையும் போட்டாள். நீ தண்ணியில இறங்குறே, என்கிட்ட மறைக்கிறே என்று கூடத்தில் நின்று கத்தினாள். அவன் இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"உன் அண்ணனுக்கு இப்ப வேண்டியது டாக்டர். தங்கச்சி இல்லை," என்றார் ராஜமாணிக்கம். "டாக்டருங்க இங்க நாங்க இருக்கோமே."

அது அவளுக்கும் தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய? நைனா ஏரியிலேயே போய்ச் சேர்ந்த வருஷத்திலிருந்து அவளைப் படிக்க வைத்தவன் அவன். அவன் கால் இப்படி வீங்கிக் கிடக்க, தான் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு ஸ்காட்லாந்து வார்டில் நிற்பதை நினைத்தாலே அவளுக்குத் தாங்கவில்லை. அதை அப்படியே சொல்லவும் சொன்னாள்.

பெரிய டாக்டர் மேற்கொண்டு வாதாடவில்லை. ஆறு மணி வரை தந்தி என் மேஜையில்தான் இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

வராந்தாவில் பரசுராமன் நின்றிருந்தான். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. நல்லவன். நல்லவர்களுக்கு உள்ள கஷ்டம், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாது. அவசரப்படாதீர்கள், நன்றாக யோசியுங்கள் என்று அவளிடம் உண்மையாகவேதான் சொன்னான். ஆனால் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அவள் படி இறங்குவதற்குள் ஊருக்கு டிரங்க் கால் போட ஓடிவிட்டான்.

மனசு லேசாகிவிடும் என்று செண்பகம் நினைத்திருந்தாள். ஆகவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதைப் போல் அந்த இடத்துக்கே எண்ணம் போய்க்கொண்டிருந்தது.

ஜீப்பின் பக்கத்தில் ஐலீன் காத்துக்கொண்டிருந்தாள். இன்று துலுக்காணத்தை வீட்டில் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. இத்தனை நாளும் ஐலீன் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். செண்பகம்தான் இன்று மழை, நாளை பஸ் இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தாள். உண்மைக் காரணம் வேறு. ஓலை வீடு. குனிந்து நுழைய வேண்டிய வாசல். சுற்றிலும் மீன் வாடை. வெள்ளைக்காரி என்ன நினைப்பாளோ என்று டாக்டர் அம்மாளுக்குக் கூச்சம். இன்றைக்கு எல்லாம் போயிற்று, இனிக் கூச்சம் ஒன்றுதான் பாக்கியா என்று தோன்றிவிட்டது.

பொன்னேரி தாண்டியதும் ஐலீன் இங்கிலீஷில், நீ இடத்தை விட்டுக்கொடுத்ததைக் கேள்விப்பட்டேன் என்றாள். செண்பகம் தலையாட்டினாள். என் ஊரில் உனக்காக என் அம்மா ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாள் என்றாள் ஐலீன். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே செண்பகத்துக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

குப்பத்தில் ஜீப் நின்றதும் அண்ணி எல்லம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். எல்லம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம். வந்த வேகத்தில் ஐலீனை மேலும் கீழும் பார்த்து, இவ்ளோ வெயிலுல இந்தப் பொண்ணு உருகிப் பூடாதா என்று கவலைப்பட்டாள்.

"பாட்டுச் சீட்ட ஆஸ்பத்திரியிலயும் போட்டுக்கினீங்களாமே?" என்று நாத்தனாரைச் சீண்டினாள். "நம்ம குப்பத்துல பொம்பளைக்குப் பாடே கிடையாது. நீ எப்டி மே முதல் சீட்டு எடுத்தே?"

செண்பகம் சிரித்து மழுப்பினாள். சீட்டைத் திருப்பிக் கொடுத்த விஷயத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

உள்ளே துலுக்காணம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஐலீன் மண் தரையில் அவன் எதிரில் உட்கார்ந்து, கால் எலும்பின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. கழுத்து நரம்பைப் பார்த்தாள். மார்பில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள். மாத்திரையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்கச் சொன்னாள். எல்லம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வேளைகூடத் தவறவில்லை, என் கையாலேயே கொடுக்கிறேன் என்று காலி மாத்திரைத் தாள்களை அள்ளிக்கொண்டு வந்து காட்டினாள்.

ஐலீன் அவற்றைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், செண்பகத்தைப் பார்த்தாள். இரண்டு டாக்டர்களுக்கும் வழி தெரியவில்லை.

டாக்டர்களுக்கு வழி தெரியாவிட்டாலும் எல்லம்மாவுக்குச் சோறு போடத் தெரியும். வந்தவர்களைப் பட்டினியாக அனுப்ப அவள் என்ன பட்டணத்துக்காரியா? மூன்று தட்டு வைத்தாள். புருஷனுக்கு உப்பில்லாத கஞ்சி. உப்பில்லாத கஞ்சியை மனுஷன் எப்படிக் குடிப்பான்? தொட்டுக்கொள்ள அடுப்பில் சுட்ட மடவைக் கருவாடு, ஒரு பெரிய துண்டு. நாத்தனாருக்கும் அதே. இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் செண்பகம் அண்ணன் எதிரில் உட்கார்ந்து அதைக் கடித்துக்கொண்டுதான் கஞ்சி குடிப்பாள். விருந்தாளி தட்டிலும் ஒரு துண்டு விழுந்தது.

பொரித்த மீன் என்று நினைத்துக்கொண்டாள் ஐலீன். பசியும் இருந்தது. பாதித் துண்டைக் கடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பாவம், துப்பவும் மரியாதை இல்லை, விழுங்கவும் முடியவில்லை. முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. கண்ணில் நீர் கொட்ட எப்படியோ விழுங்கி, சொம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுதாகக் குடித்தாள். துலுக்காணமே வீக்கத்தை மறந்து சிரித்தான்.

மூச்சு வந்ததும் ஐலீன், இது என்ன, இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டாள். செண்பகம் அண்ணியிடம் கேட்டாள். எல்லம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் போடும் கருவாட்டுக்குப் பொன்னேரிச் சந்தையில் தனிப் பேர் உண்டு.

"மீனக் கீறிக் குடல எடுத்துப்புட்டு நல்லாக் கழுவணும். அப்பால ரெண்டு கையாலயும் உப்ப அள்ளி உள்ளே வெச்சு அப்பணும். பானையில ஒரு வரிசை மீனு, ஒரு வரிசை உப்புன்னு அடுக்கி மூடி வெச்சுட்டு, அப்பால எடுத்துக் காயப்போடணும்."

செண்பகம் ஒவ்வொரு வாக்கியமாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். மீனைக் கீற வேண்டும். கழுவ வேண்டும். இரண்டு கையாலும் உப்பை அள்ளி...

அங்கே அவள் நாக்கு நின்றுவிட்டது.

தன் குரலே தன் காதில் விழுந்தது. ஐலீன் மெல்லத் திரும்பித் துலுக்காணத்தின் தட்டைப் பார்த்தாள். செண்பகமும் பார்த்தாள். அண்ணன் சாவகாசமாக ஒரு விள்ளல் கருவாட்டைப் பிய்த்து, கஞ்சியோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி," என்றாள் செண்பகம். "இத்த தினம் குடுக்கிறியா?"

"குடுக்காம? உப்பில்லாத கஞ்சி எப்டி எறங்கும்? ரெண்டு வேளையும் குடுக்கிறேன்."

"அதுல உப்பு கீது அண்ணி."

எல்லம்மா புரியாமல் விழித்தாள். புரிந்ததும் முகம் வெளுத்தது. ஆனால் அவள் தோற்றுப்போகிறவள் இல்லை.

"நீ இன்னா சொன்னே? சோத்துல உப்பு சேக்காதன்னு சொன்னே. நான் சேக்கலியே. இது ஆவணியில போட்ட உப்பு. இவருக்குக் காலு வீங்குனது தீபாவளிக்கு. அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தக் குப்பத்தில் உப்பு என்றால் சட்டியில் இருப்பது. கருவாடு என்றால் கருவாடு. தண்ணீரில் வெந்தது என்பதற்காகச் சோற்றை யாராவது தண்ணீர் என்று சொல்வார்களா? அதே மாதிரிதான்.

எல்லம்மாவுக்கு அப்புறம்தான் அழுகை வந்தது. "அப்போ நானே இவருக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

செண்பகம் அவளைக் கட்டிக்கொண்டாள். உன்மேல் தப்பில்லை அண்ணி, சொன்னதைச் சொன்னபடி செய்தாய், கேட்க வேண்டியதைக் கேட்காதவள் நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு உள்ளே எரிந்தது. அவளும்தானே இங்கே உட்கார்ந்து இதே கருவாட்டைத் தின்றாள். வாயில் உப்புக் கரிக்கக் கரிக்கத் தின்றுவிட்டு, உப்பை நிறுத்தியாயிற்று என்று மூன்று தேசத்துக்குப் பதில் எழுதினாள். ஆஸ்பத்திரியில் வற்றிய கால் வீட்டுக்கு வந்தால் வீங்குகிறது என்று தெரிந்தும், வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அண்ணனைத் திருடன் என்றாள்.

ஐலீன் அவள் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னாள். இப்படி ஒரு பண்டம் உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. உனக்கோ அது பண்டமாகவே தெரியவில்லை. நீ எங்கள் வார்டுக்கு வந்தால், எங்கள் நோயாளிகள் தட்டில் நான் இருபத்தெட்டு வருஷமாகப் பார்க்காதது எதுவோ உன் கண்ணில் படும். அதற்காகத்தான் உன்னைக் கூப்பிட்டோம்.

செண்பகத்துக்குள் காலையில் மூடிவைத்த ஏதோ ஒன்று மூடியைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக் கலியன். உள்ளே தலையை நீட்டி, வெள்ளைக்காரியைப் பார்த்ததும் பாதி பின்வாங்கிக்கொண்டான்.

"துலுக்காணம், உனுக்கு அடுத்த சீட்டு குப்புராஜு வலையத் தூக்கினு துறைக்குப் போய்க்கினு கீறான். கடைசியா ஒரு வார்த்தை கேட்டுகினு வரச் சொன்னாங்கோ."

"போவட்டும்பா," என்றான் துலுக்காணம். கலியன் போய்விட்டான்.

செண்பகத்துக்கு அப்போதுதான் நாள் நினைவுக்கு வந்தது. இன்று அமாவாசை. இறால் ஓடும் நாள்.

"அண்ணா, இன்னிக்கு உன் பாடா?"

அவன் கஞ்சித் தட்டைத் தள்ளி வைத்தான். எல்லம்மாதான் பதில் சொன்னாள். நல்ல துறை, அமாவாசைப் பாடு, இந்த வீட்டுக்கு விழுந்து எத்தனையோ வருஷமாகிறது. கலியனும் மற்றவர்களும் தோணியில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு போகிறோம், நீ வலையைத் தொட்டால் போதும் என்றுகூடச் சொன்னார்கள். இவர்தான் மாட்டேன் என்றுவிட்டார். தங்கச்சி தண்ணியில எறங்காதன்னு சொல்லிக்கீது, தோணியும் தண்ணிதான் என்றாராம்.

செண்பகம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் இதே கூடத்தில் நின்று கத்திய கத்தல் அவள் காதுக்குள் ஒலித்தது. அழுகை வந்தது, அழுதாள். விருந்தாளி முன்னால் அழக் கூடாது என்ற எண்ணமெல்லாம் அப்போது இல்லை. அழுதுகொண்டே, தானும் இன்று காலை தன் முறையை விட்டுவிட்டதைச் சொல்லிவிட்டாள்.

துலுக்காணம் நிறையப் பேசுகிறவன் இல்லை. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு இன்னும் குறைத்துக்கொண்டான். இப்போது இரண்டு மூன்று தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"பாப்பா, நான் உன் பேச்சக் கேட்டு என் பாட்ட உட்டேன். உட்டதுல எனக்கு வருத்தமில்ல. டாக்டரு சொல்லுது, கேக்கணும். ஆனா நீ என்னக் காட்டி உன் பாட்ட உட்டியானா, ஒரே நாளுல இந்த ஊட்டுக்கு ரெண்டு பாடு போச்சு. நான் எதுக்குத்தான் உட்டேன்?"

செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்கோசரம் போன்னு சொல்லல," என்றான் துலுக்காணம். "உனுக்கு வேணுமா வேணாமா? அத்த மட்டும் சொல்லு."

யோசித்துப் பாருங்கள், அவள் பிறந்ததிலிருந்து யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அவள் கேட்பதற்கு முன்னாலேயே அண்ணன் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். விட்டுக்கொடுக்கவும் பழகியிருந்தாள். வேண்டும் என்று கேட்க மட்டும் பழகவில்லை.

எல்லம்மா எழுந்து, புருஷன் தட்டிலிருந்த மிச்சக் கருவாட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே எறிந்தாள். கொல்லைப்பக்கம் காக்கைகள் சண்டை போடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி வரும்போது கண் துடைத்த முகமாக இருந்தாள். கஞ்சியில் இனி மோர் ஊற்றி எலுமிச்சம் பழம் பிழிந்து கொடுக்கலாமா என்று ஐலீனையே நேராகத் தமிழில் கேட்டாள். செண்பகம் அதை இங்கிலீஷில் சொன்னாள். ஐலீனும் நேராக அவளையே பார்த்து, "கொடுக்கலாம்," என்று தமிழில் சொன்னாள்.

திரும்பும்போது பொன்னேரி ரயில்வே கேட்டில் ஜீப் மாட்டிக்கொண்டது. கூட்ஸ் வண்டி. இரும்பு ஏற்றிக்கொண்டு பெட்டி பெட்டியாக ஊர்ந்தது. ஐலீன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் செண்பகம் அதைப் பார்க்காத மாதிரி இருப்பதுமாக நேரம் போயிற்று. கேட் திறந்ததும் டிரைவரிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னவள் செண்பகம்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதுமே நர்ஸ் ரோசம்மாள் எதிரில் வந்து அவள் கையில் ஒரு ஜாங்கிரியை வைத்தாள். பரசுராமன் டாக்டர் சீமைக்குப் போகிறார், ஊரிலிருந்து அவருடைய அப்பா ஆள் மூலமாகக் கூடை நிறையக் கொடுத்தனுப்பியிருக்கிறார் என்றாள். நீங்கள்தான் விட்டுக்கொடுத்தீர்களாமே, உங்கள் மனசு யாருக்கு வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஜாங்கிரி கையில் பிசுபிசுத்தது. செண்பகம் அதைத் தின்னவும் இல்லை, வைக்கவும் இல்லை.

பெரிய டாக்டரின் அறையில் பரசுராமன் இருந்தான். தந்தியை எடுத்துக்கொண்டு போகத் தயாராகச் சைக்கிள் சாவியை விரலில் மாட்டியிருந்தான். ராஜமாணிக்கம் பேனா மூடியைத் திறந்து பெயர் எழுதும் இடத்துக்கு வந்திருந்தார். செண்பகத்தின் முகத்தைப் பார்த்ததும் எழுதாமல் நிறுத்தினார்.

முதலில் அவள் நோயாளியின் கதையைச் சொன்னாள். கருவாடு, கஞ்சி, தன்னுடைய குருட்டுத்தனம், எதையும் விடவில்லை. அடுத்த மாதம் மூன்று ஊருக்கும் அதை அப்படியே எழுதப் போவதாகவும், உப்பு உண்டா என்று கேட்காமல் தட்டில் என்ன உண்டு என்று கேட்க வேண்டும் என்று எழுதப் போவதாகவும் சொன்னாள். அவளுடைய அண்ணன் பிழைத்துக்கொள்வார் என்பதில் பரசுராமன் மனதாரச் சந்தோஷப்பட்டான். அதில் கொஞ்சமும் பொய் இல்லை. பிறகு அவனுக்கும் விஷயம் எங்கே போகிறது என்று புரிந்தது. விரலில் சுழன்றுகொண்டிருந்த சாவி நின்றது.

பெரிய டாக்டர் இருவரையும் பார்த்தார். உங்கள் சீட்டு முறையை நீங்களே பேசிக்கொள்ளுங்கள், நான் எழுதுகிறவன் மட்டும்தான் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"காலையில நானாத்தான் குடுத்தேன், பரசுராமன்," என்றாள் செண்பகம். "கையை விட்டது திரும்பாதுங்கிறது எங்க ஊர் வழக்கம். அதை இங்க கொண்டுவந்ததே நான்தான். அதனால இது உங்களுது. நான் சண்டை போட வரலை."

"பின்னே?"

"கேக்க வந்தேன்." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "எங்க அண்ணனுக்காக இல்லை. ஆஸ்பத்திரிக்காகவும் இல்லை. எனக்குப் போகணும். எனக்கு வேணும்."

சொல்லிவிட்டாள். வெட்கமாக இருந்தது, கூடவே விடுதலையாகவும் இருந்தது.

வார்டுப் பக்கம் யாரோ பரசுராமன் பெயரைச் சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவன் அவள் கையிலிருந்த ஜாங்கிரியைப் பார்த்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். அவன் கண்ணிலும் நீர் கோத்திருந்ததைச் செண்பகம் அப்போதுதான் கவனித்தாள்.

"எனக்கும் வேணுமே, செண்பகம்," என்றான்.

ராஜமாணிக்கம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தந்தி ஆபீஸ் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.